ஃபிட்டா இருந்தா வெயில் விட்டுடுமா? - கோடை முகாம் 'மாஸ்டர்'களுக்கு ஒரு டெல்டா கைடு!

காலை 4.45. அலாரம் அடிப்பதற்கு முன்பே முழிப்பு வந்துவிடும். பூதலூர் ஸ்டேஷன் பக்கம் டீக்கடையில் பாய்லர் அப்போதுதான் சூடாகிக்கொண்டிருக்கும். கழுத்தில் விசில், பையில் கோன், தோளில் ஸ்கிப்பிங் கயிறு என நீங்கள் கிளம்பிவிடுவீர்கள். கோடை விடுமுறை முடியும்வரை பசங்களுக்கு நீங்கள்தான் 'மாஸ்டர்'. சிலருக்கு 'அண்ணா', சிலருக்கு 'அக்கா'.

நீங்கள் ஃபிட்னஸ் பிரியர் என்பதால்தானே இந்த வேலைக்கே வந்தீர்கள்? காலையில் ஓட்டம், மாலையில் புல்-அப்ஸ், இடையில் பசங்களோடு ஆட்டம். ஜிம்முக்குக் காசு கட்டாமல் உடம்பை ஏற்றலாம். கையில் கொஞ்சம் காசும் வரும். இதைவிட ஜாலியான சம்மர் இருக்கா என்ன?

இருக்காதுதான். ஆனால் ஒரு கேள்வி. 40 பசங்க, இரண்டு உதவிப் பயிற்சியாளர்கள் இருக்கும் ஒரு மைதானத்தில், வெயிலில் சுருண்டு விழ அதிக வாய்ப்பு யாருக்கு? கொஞ்சம் குண்டாக இருக்கும் அந்த எட்டாம் வகுப்புப் பையனைத்தானே நினைத்தீர்கள்? அவன் மூச்சு வாங்கினால் உட்கார்ந்துவிடுவான். "முடியலண்ணா"ன்னு வெட்கமில்லாமல் சொல்லிவிடுவான். நீங்கள் சொல்ல மாட்டீர்கள். அங்கேதான் பிரச்னை ஆரம்பிக்கிறது.

எங்கே, எப்போது நடக்கும்?

தமிழ்நாடு விளையாட்டு மேம்பாட்டு ஆணையம் 1992-ல் தொடங்கப்பட்டது. 18 வயதுக்கு உட்பட்டவர்களுக்காக இந்த ஆணையம் ஆண்டுதோறும் மாவட்ட விளையாட்டரங்குகளில் கோடைகாலப் பயிற்சி முகாம் நடத்துகிறது. வழக்கமாக ஏப்ரல் கடைசியில் தொடங்கி மே நடுப்பகுதிவரை, மூன்று வாரம் போல நடக்கும். தஞ்சாவூர் மாவட்டத்துக்கு அன்னை சத்யா விளையாட்டரங்கம். பூதலூரில் ரயில் ஏறினால் அடுத்தது ஆலக்குடி, அதற்கடுத்தது தஞ்சாவூர். 20 கிலோமீட்டர் தூரம்தான். இது தவிர பள்ளிகளும், ஊர் கிளப்புகளும், கபடிக் குழுக்களும் தனித்தனியாக முகாம் போடுகிறார்கள். முன்னாள் மாணவர்கள், கல்லூரியில் உடற்கல்வி படிப்பவர்கள், ஜிம் போகும் அண்ணன்கள் உதவிக்கு வருவது இங்கேதான்.

காலண்டரைக் கவனித்தீர்களா? முகாம் சூடுபிடிக்கும் நேரத்தில்தான் அக்னி நட்சத்திரமும் தொடங்கும். மே முதல் வாரத்திலிருந்து கத்திரி. சம்பா அறுத்த வயல்கள் பாளம் பாளமாக வெடித்துக் கிடக்கும். போர் வசதி இருப்பவர்கள் வயலில் மட்டும் உளுந்தோ எள்ளோ பருத்தியோ நிற்கும். கல்லணைக் கால்வாயில் மணல்தான் ஓடும்.

வெயில் ஏதோ சின்ன அசௌகரியம் என்று அரசாங்கமே இப்போது நினைப்பதில்லை. 2024-ல் தமிழ்நாடு அரசு வெப்ப அலையை மாநிலப் பேரிடராக அறிவித்தது. புயல், வெள்ளம் வரிசையில் இப்போது வெயிலும் இருக்கிறது.

கணக்கில் வராத வேலை

முகாமில் ஒரு பையன் செய்யும் வேலையையும் நீங்கள் செய்யும் வேலையையும் ஒப்பிட்டுப் பாருங்கள்.

பையன் 10 புஷ்-அப் எடுக்கிறான். நீங்கள் மூன்று பேட்ச்சுக்கும் செய்து காட்டுவீர்கள். 30 ஆச்சா? அவன் ஒரு ரவுண்டு ஓடுகிறான். நீங்கள் முன்னால் ஓடுபவனோடு பாதி, பின்தங்கியவனோடு மீதி. பந்து வேலி தாண்டிப் போனால் எடுத்து வருவது நீங்கள். கோடு போடுவது, நெட் கட்டுவது, கத்துவது, விசில் ஊதுவது எல்லாம் நீங்கள். தண்ணீர் கேன் ஒன்று 20 லிட்டர், அதாவது 20 கிலோ. ஆறு கேன் தூக்கினால் 120 கிலோ.

இதெல்லாம் முடிந்தபிறகு, "இன்னிக்கு என் வொர்க்-அவுட் இன்னும் பண்ணலையே"ன்னு ஒரு நினைப்பு வரும் பாருங்க... அதுதான் ஆபத்தான நிமிடம். ஏற்கெனவே முடித்துவிட்டீர்கள் என்பது உங்கள் உடம்புக்குத் தெரியும். உங்களுக்குத்தான் தெரியாது.

முகாம் நாட்களில் செய்ய வேண்டிய முதல் மாற்றம் இது: முகாம் வேலையையும் உங்கள் பயிற்சிக் கணக்கில் சேருங்கள். ஓட்டம் உண்டு என்றால் அது முகாமுக்கு முன்னால், இருட்டு விலகும் நேரத்தில், வழக்கத்தில் பாதி. எடை தூக்குவது வாரத்துக்கு இரண்டு நாள் போதும். மூன்று வாரத்தில் தசை கரைந்துவிடாது, பயப்படாதீங்க.

ஓடும் இடத்தையும் பாருங்கள். வெடித்த வயலில் குறுக்கே ஓடினால் கணுக்கால் பிசகும். வரப்பு ஒரு பக்கம் சரிந்திருக்கும். கால்வாய்க் கரை வண்டித்தடம் பரவாயில்லை. பாம்புகளுக்கும் அதே குளிர்ந்த நேரம் பிடிக்கும் என்பதால் கையில் டார்ச் இருக்கட்டும்.

உடம்புக்குள் என்ன நடக்கிறது?

தசை வேலை செய்யும்போது செலவாகும் சக்தியில் நாலில் ஒரு பங்குதான் அசைவாக மாறுகிறது. மீதி முக்கால் பங்கு வெறும் சூடு. வேகமாக ஓடும்போது நம் உடம்பு ஓர் அடுப்பு மாதிரிதான்.

அந்தச் சூட்டை வெளியேற்ற உடம்பிடம் இருக்கும் பெரிய ஆயுதம் வியர்வை. ஆனால் வியர்த்தால் மட்டும் போதாது; அது காய வேண்டும். காயும்போதுதான் சூட்டை எடுத்துக்கொண்டு போகும். சொட்டுச் சொட்டாகத் தரையில் விழும் வியர்வையால் உடம்புக்கு நஷ்டம்தான். தண்ணீரும் போச்சு, உப்பும் போச்சு, சூடு அப்படியே இருக்கு.

டெல்டாவின் சிக்கல் இங்கே இருக்கிறது. கடல் அதிக தூரமில்லை, காற்றில் ஈரம் அதிகம். வறண்ட ஊரில் 40 டிகிரியில் வியர்வை சட்டென்று காய்ந்துவிடும். நம்ம பக்கம் 36, 37 டிகிரியிலேயே பனியன் பிழிந்தெடுக்கலாம். இதைத்தான் நாம் 'புழுக்கம்' என்கிறோம். இன்னொரு விஷயம், காலை 6 மணிக்கு வெயில் குறைவு என்றாலும் காற்றில் ஈரம் அப்போதுதான் அதிகம். "காலையிலதானே, ஒண்ணும் ஆகாது" என்று நினைக்க முடியாது.

அதனால் போனில் வெப்பநிலையை மட்டும் பார்க்காதீர்கள். 'உணரும் வெப்பநிலை' என்று இன்னோர் எண் இருக்கும், அதைப் பாருங்கள். அந்த எண்ணும் நிழலுக்கான கணக்குதான். நேர் வெயிலில் நின்றால் அதற்கு மேல் 8 டிகிரிவரை கூடுதலாகத் தெரியலாம்.

இந்த விஷயத்தை உலகம் கற்றுக்கொண்டதே ஒரு பயிற்சி முகாமில்தான். 1950-களில் அமெரிக்கக் கடற்படைப் பிரிவின் பாரிஸ் ஐலேண்ட் முகாமில் புதிதாகச் சேர்ந்த இளைஞர்கள் வெயிலில் கொத்துக் கொத்தாக விழுந்தார்கள். யாரும் நோயாளிகள் இல்லை, தேர்ந்தெடுத்த இளைஞர்கள். அப்போதுதான் சூடு, ஈரம், வெயில் மூன்றையும் சேர்த்து அளக்கும் ஒரு முறை வந்தது. அதில் ஈரத்துணி சுற்றிய வெப்பமானிக்கு 70 சதவிகித மதிப்பு; வெயிலை உள்வாங்கும் கறுப்பு உருண்டைக்கு 20; சாதாரண வெப்பமானிக்கு வெறும் 10. ஈரத்துக்கு எவ்வளவு முக்கியத்துவம் கொடுத்தார்கள் பாருங்கள்! அந்த அளவுக்கு ஏற்ப மைதானத்தில் பச்சை, மஞ்சள், சிவப்பு, கறுப்பு என்று கொடி ஏற்றினார்கள். அளவு 32 டிகிரியைத் தாண்டினால் கறுப்புக் கொடி. கடும் பயிற்சி எதுவும் கிடையாது.

பலசாலிக்குத்தான் ஆபத்து ஏன்?

முதியவர்களைத் தாக்கும் வெயில் பாதிப்பு ஒரு வகை. சும்மா வீட்டில் இருந்தாலே வரும். ஓடியாடும் இளைஞர்களைத் தாக்கும் ஹீட் ஸ்ட்ரோக் வேறு வகை. வெளியிலிருந்து வரும் சூட்டோடு, உள்ளே தசைகள் உண்டாக்கும் சூடும் சேர்ந்து உடம்பு 40 டிகிரி செல்சியஸைத் தாண்டும். தசை அதிகம் என்றால் சூடும் அதிகம். அதைவிட முக்கியம், மனஉறுதி. உடம்பு "போதும்" என்று அனுப்பும் சிக்னலை மதிக்காமல் இருக்கத்தானே நாம் இத்தனை வருஷம் பழகியிருக்கிறோம்?

கோரி ஸ்டிரிங்கர் என்ற அமெரிக்கக் கால்பந்து வீரரின் கதை இதற்கு உதாரணம். 2001 ஜூலை 31, மின்னசோட்டா வைக்கிங்ஸ் அணியின் பயிற்சி முகாம். கடும் வெயில், கடும் ஈரப்பதம். காலைப் பயிற்சி முடித்த ஸ்டிரிங்கர் சரிந்தார். மருத்துவமனைக்குப் போனபோது அவர் உடல் வெப்பநிலை 42 டிகிரிக்கு மேல். மறுநாள் இறந்துபோனார். வயது 27. சம்பளம் வாங்கும் முழுநேர விளையாட்டு வீரர், பக்கத்திலேயே அணியின் மருத்துவக் குழு. அவருக்கே இந்த நிலை.

பிறகு 2010-ல் கனெக்டிகட் பல்கலைக்கழகத்தில் அவர் பெயரில் ஒரு நிறுவனம் தொடங்கப்பட்டது. அவர்கள் ஊர் ஊராகச் சொல்லும் செய்தி ஒன்றுதான்: முதலில் குளிர வை, பிறகு மருத்துவமனைக்குக் கொண்டு போ. அதற்கு நாம் பின்னால் வருவோம்.

முதல் வாரம் கெத்து காட்டாதீங்க

உடம்பு வெயிலுக்குப் பழகும். 10 முதல் 14 நாள் ஆகும். பழகிய உடம்பில் வியர்வை சீக்கிரமே தொடங்கும், நிறைய வரும், அதில் உப்பு குறைவாகப் போகும். ரத்தத்தில் நீர் கூடும், அதனால் இதயத் துடிப்பு கட்டுக்குள் இருக்கும்.

ஆனால் யார் முகாமுக்கு வருகிறார்கள்? சென்னையிலோ கோவையிலோ ஏ.சி ஜிம்மில் பயிற்சி எடுத்துவிட்டு, செமஸ்டர் முடிந்து ஊருக்கு வந்த மறுநாளே மைதானத்தில் நிற்பவர்கள். அவர்களுடைய தசை ரெடி, உடம்பின் குளிரூட்டும் ஏற்பாடு ரெடி இல்லை. வெயில் விபத்துகள் முதல் சில நாட்களில் அதிகமாக நடப்பதற்குக் காரணம் இதுதான்.

அமெரிக்கத் தொழில் பாதுகாப்பு ஆராய்ச்சி நிறுவனமான நியோஷ், வெயிலில் வேலைக்குப் புதிதாக வருபவர்களுக்கு ஒரு கணக்கு சொல்கிறது. முதல் நாள் முழு வேலையில் 20 சதவிகிதம்தான். பிறகு ஒவ்வொரு நாளும் 20 சதவிகிதம் கூட்டலாம். ஐந்தாவது நாள்தான் முழு வேலை. முகாமுக்கும் இதையே வைத்துக்கொள்ளலாம். முதல் நாள் பெயர் பதிவு, அறிமுகம், லேசான ஆட்டம். 'டெஸ்ட்' என்று முதல் நாளே 1,500 மீட்டர் ஓடவிடும் பழக்கத்தை மூட்டை கட்டி வையுங்கள். டைம் எடுப்பதெல்லாம் இரண்டாவது வாரம்.

காய்ச்சல் விட்டு ஓரிரு நாள்தான் ஆகிறதா? வயிற்றுப்போக்கா? இரவு கரன்ட் போய்த் தூக்கமே இல்லையா? சளிக்கு மாத்திரை போட்டீர்களா? இவை ஒவ்வொன்றும் ஹீட் ஸ்ட்ரோக் வாய்ப்பைக் கூட்டும். அன்றைக்கு நிழலில் உட்கார்ந்து ஸ்கோர் எழுதுங்கள். காலையில் வருகை எடுக்கும்போது, "நேத்து யாருக்கு உடம்பு சரியில்ல? யார் சாப்பிடாம வந்தீங்க?" என்று இரண்டே கேள்வி பசங்களிடமும் கேளுங்கள். ஒரு நிமிடம்கூட ஆகாது.

தண்ணீர்: குறைந்தாலும் தப்பு, கூடினாலும் தப்பு

பசங்க ஆட்ட ஜோரில் தண்ணீர் குடிக்கவே மாட்டாங்க. "தாகம் எடுத்தா குடிங்கடா" என்றால் நடக்காது. 15, 20 நிமிடத்துக்கு ஒரு விசில், எல்லோரும் நிழலுக்கு. அந்த விசில் உங்களுக்கும் சேர்த்துத்தான். பெரும்பாலும் அந்த இடைவெளியில் அடுத்த ஆட்டத்துக்குக் கோன் அடுக்கப் போய்விடுவது நீங்கள்தான்.

உங்களுக்கு எவ்வளவு தேவை என்று கண்டுபிடிக்க ஒரு சுலபமான வழி. முகாமுக்கு முன்னும் பின்னும் எடை பாருங்கள். ஒரு கிலோ குறைந்தால் சுமார் ஒரு லிட்டர் நீர் போயிருக்கிறது. 60 கிலோ ஆளுக்கு ஒன்றேகால் கிலோ குறைந்தாலே இரண்டு சதவிகிதம். ஓட்டமும் கவனமும் தடுமாற அது போதும். எடை மெஷின் இல்லையா? சிறுநீர் நிறம் பாருங்கள். இளமஞ்சள் என்றால் ஓகே. அடர் மஞ்சள் என்றால் கடன் ஏறியிருக்கிறது.

அதே நேரத்தில் வெறும் தண்ணீரை மடக் மடக்கென்று லிட்டர் கணக்கில் குடிப்பதும் ஆபத்து. ரத்தத்தில் உப்பு நீர்த்துப்போய்த் தலைவலி, வாந்தி, குழப்பம், வலிப்புவரை போகும். 2002-ல் பாஸ்டன் மாரத்தான் ஓடிய 488 பேரைப் பரிசோதித்தபோது 13 சதவிகிதம் பேருக்கு ரத்தத்தில் உப்பு குறைந்திருந்தது. முடிக்கும்போது ஓடுவதற்கு முன்பிருந்ததைவிட எடை கூடியிருந்தால் அளவுக்கு மீறிக் குடித்திருக்கிறீர்கள் என்று அர்த்தம்.

தீர்வு கடையில் விற்கும் கலர் பானம் இல்லை, வீட்டிலேயே இருக்கிறது. உப்புப் போட்ட மோர், நீராகாரம், பழைய சோறு. இவற்றில் தண்ணீரும் உப்பும் சேர்ந்தே இருக்கிறது. இளநீர் நல்லதுதான்; ஆனால் அதில் பொட்டாசியம் அதிகம், சோடியம் குறைவு. வியர்வையில் அதிகம் போவது சோடியம். அதனால் இளநீர் மட்டும் போதாது, மோரும் வேண்டும். முகாமில் ஓ.ஆர்.எஸ். பாக்கெட் பத்து வைத்திருங்கள். அதுவும் இல்லையென்றால் ஒரு லிட்டர் தண்ணீரில் ஆறு டீஸ்பூன் சர்க்கரை, அரை டீஸ்பூன் உப்பு. எனர்ஜி ட்ரிங்க் குடித்துவிட்டு வெயிலில் இறங்குவதை விட்டுவிடுங்கள். அது களைப்பை மறைக்கும், போக்காது.

"அண்ணா, தலை சுத்துதுண்ணா"

இப்படிச் சொல்பவன் பெரும்பாலும் பிழைத்துக்கொள்வான். உட்கார வைத்து, நிழலில் காலை உயர்த்தி, மோர் கொடுத்து, ஈரத்துணி போட்டால் அரை மணியில் தெளிவான். அன்றைக்கு மட்டும் ஆட்டம் கிடையாது.

சொல்லாமல் தள்ளாடுபவனைப் பார்த்துத்தான் நீங்கள் பயப்பட வேண்டும். கேட்ட கேள்விக்குச் சம்பந்தமில்லாமல் பேசுவது, காரணமில்லாமல் எரிந்து விழுவது, நேராக ஓட முடியாமல் கோணலாகப் போவது, பெயர் கேட்டால் திணறுவது எல்லாம் மூளை சூடாகிவிட்டது என்பதற்கான அடையாளம். "வியர்வை நின்னு உடம்பு காஞ்சாத்தான் ஹீட் ஸ்ட்ரோக்" என்று ஒரு நம்பிக்கை இருக்கிறது. ஓடியாடும் இளைஞர்கள் விஷயத்தில் அது தப்பு. தொப்பலாக வியர்த்துக்கொண்டே ஹீட் ஸ்ட்ரோக் வரும். நெற்றியிலும் அக்குளிலும் வைக்கும் தெர்மாமீட்டரையும் நம்பாதீர்கள். உள்ளே இருக்கும் சூட்டைக் குறைத்துக் காட்டும்.

கையில் இருக்கும் நேரம் சுமார் 30 நிமிடம். அதற்குள் உடம்பின் சூடு இறங்க வேண்டும். ஒருவர் 108-க்கு போன் போடட்டும். ஆம்புலன்ஸ் வரும்வரை விசிறிக்கொண்டு நிற்கக் கூடாது. உடனே குளிர்விக்கத் தொடங்க வேண்டும். அமெரிக்காவின் ஃபால்மவுத் சாலை ஓட்டப் போட்டியில் ஹீட் ஸ்ட்ரோக் வந்தவர்களை அங்கேயே ஐஸ் தண்ணீர்த் தொட்டியில் அமிழ்த்துகிறார்கள். 18 வருடங்களில் இப்படிச் சிகிச்சை பெற்றவர்கள் 274 பேர். அத்தனை பேரும் பிழைத்தார்கள்.

"பூதலூர்ல ஐஸ் தொட்டிக்கு எங்க போறது?" என்கிறீர்களா? தொட்டி வேண்டாம். நெல் காயவைக்கும் தார்ப்பாய் போதும். டெல்டாவில் அது இல்லாத வீடு உண்டா? வெளிநாடுகளில் விளையாட்டு மருத்துவர்கள் ஆராய்ந்து சரி என்று ஒப்புக்கொண்ட வழி இது.

1. தார்ப்பாயை நிழலில் விரித்து, பாதிக்கப்பட்டவரை நடுவில் படுக்க வையுங்கள். ஷூ, சாக்ஸ், டி-ஷர்ட் எல்லாம் கழற்றுங்கள்.
2. நாலு முதல் ஆறு பேர் ஓரங்களைத் தூக்கிப் பிடியுங்கள். தொட்டி ரெடி. ஒருவர் தலைமாட்டில் நின்று, முகம் எப்போதும் தண்ணீருக்கு மேலே இருக்கும்படி தலையைத் தாங்க வேண்டும்.
3. எட்டுப் பத்துக் குடம் தண்ணீர் ஊற்றி, கிடைத்த ஐஸை எல்லாம் கொட்டுங்கள். ஜூஸ் கடை, மீன் கடை எதுவானாலும் சரி.
4. பாயை இப்படியும் அப்படியும் மெதுவாக ஆட்டிக்கொண்டே இருங்கள். தண்ணீர் ஓடினால்தான் சூடு சீக்கிரம் இறங்கும்.
5. ஐஸே கிடைக்கவில்லையா? பம்புசெட்டுத் தண்ணீரோ குழாய்த் தண்ணீரோ தொடர்ந்து உடம்பு முழுக்க ஊற்றி, வேகமாக விசிறுங்கள். ஐஸ் அளவுக்கு வேகம் இருக்காது. ஆனால் சும்மா நிற்பதைவிட எவ்வளவோ மேல்.
6. தெளிவாகப் பேச ஆரம்பித்து, குளிரில் நடுங்கத் தொடங்கினால் வெளியே எடுக்கலாம். அதன் பிறகும் மருத்துவமனைக்குப் போயே ஆக வேண்டும். உள்ளுறுப்புகள் பாதிக்கப்பட்டிருக்கலாம்.

குழப்பத்தில் இருப்பவர் வாயில் தண்ணீர் ஊற்றாதீர்கள், மூச்சுக்குழாயில் போய்விடும். பாராசிட்டமால் கொடுக்காதீர்கள், இது காய்ச்சல் அல்ல. மூச்சு இல்லையென்றால் குளிர்விப்பதை விட்டுவிட்டு உடனே நெஞ்சை அழுத்தி முதலுதவி தொடங்குங்கள்.

முகாம் தொடங்கும் அன்றே பசங்களை வைத்து ஒரு ஒத்திகை பாருங்கள். தார்ப்பாயில் ஒருவனைப் படுக்க வைத்து ஆட்டினால் அவர்களுக்கு அது ஊஞ்சல் மாதிரி. சிரித்துக்கொண்டே கற்றுக்கொள்வார்கள்.

ஆட்டம் முடிஞ்சா ஆத்துக்குப் போலாமா?

வியர்த்து விறுவிறுத்து முடித்ததும் பசங்க கேட்கும் அடுத்த கேள்வி இதுதான். வடக்கே போனால் வெண்ணாறு, இன்னும் போனால் திருக்காட்டுப்பள்ளியில் காவிரியும் குடமுருட்டியும். கல்லணைக் கால்வாயும் இந்தப் பக்கம்தான். மே மாதத்தில் ஆற்று மணலில் கிரிக்கெட் ஆடலாம், கபடி ஆடலாம். மணலில் ஓடுவது காலுக்கு அருமையான பயிற்சி. ஆனால் 9 மணிக்கு மேல் அந்த மணல் அடுப்பாகிவிடும்.

தண்ணீர் வரும் நாள்தான் விபத்து நாள். மேட்டூர் அணை திறக்க வழக்கமான தேதி ஜூன் 12. ஆனால் 2022-ல் மே 24-லேயே திறந்தார்கள். 2024-ல் ஜூலை 28 வரை இழுத்தது. மேட்டூரில் திறந்த தண்ணீர் மூன்று நாள் போலக் கல்லணைக்கு வந்துவிடும். போன வாரம் கிரிக்கெட் ஆடிய இடம் இந்த வாரம் ஆளை மூழ்கடிக்கும் ஆழம். மணல் அள்ளிய குழி மேலிருந்து பார்த்தால் தெரியாது. சிமென்ட் பூசிய சரிவுக் கரை பாசி பிடித்து வழுக்கும். நல்ல நீச்சல்காரரும் ஏற முடியாமல் திணறுவார்.

முகாம் பசங்களைக் கூட்டமாக ஆற்றில் இறக்காதீர்கள். பம்புசெட்டுத் தொட்டியில் வரிசையாகக் குளிக்கட்டும், அதுவும் நீங்கள் பக்கத்தில் நிற்கும்போது. யாராவது தண்ணீரில் தத்தளித்தால் குதிப்பது கடைசி வழி. நீங்கள் ஃபிட்டாக இருக்கலாம், மூழ்குபவரின் பிடி அதைவிட வலுவானது. காலி 20 லிட்டர் கேனை மூடி போட்டு, ஸ்கிப்பிங் கயிறுகளை முடிந்து அதில் கட்டி எறியுங்கள். அது மிதக்கும், ஆளையும் தாங்கும். கயிறு இல்லையா? வேட்டி, துப்பட்டா எதுவானாலும் சரி. கரையில் படுத்துக்கொண்டு நீட்டுங்கள்.

நடவு வயல் சொல்லும் பாடம்

குறுவை தொடங்கும்போது நடவு நடும் பெண்களைப் பார்த்திருப்பீர்கள். நம் யாருடைய வொர்க்-அவுட்டையும்விடக் கடினமான வேலை அது. முதுகு வளைந்து மணிக்கணக்கில். அவர்கள் எப்படிச் சமாளிக்கிறார்கள்? விடிந்ததும் இறங்கிவிடுகிறார்கள், உச்சி வெயிலுக்கு முன் கரையேறப் பார்க்கிறார்கள். தலையில் துணி, முழுக்கைச் சட்டை. தூக்குவாளியில் நீராகாரம். எல்லாவற்றையும்விட முக்கியம், தனியாக நடுவதில்லை. வரிசையாக நின்று பேசிக்கொண்டே நடுகிறார்கள். ஒருத்தர் பேச்சு நின்றால் பக்கத்தில் இருப்பவர் நிமிர்ந்து பார்ப்பார். "என்னடி ஆச்சு? போய்க் கரையில உக்காரு" என்று சொல்ல ஆள் உண்டு.

முகாமில் பசங்களை ஜோடி ஜோடியாகப் பிரித்து ஒருவரையொருவர் கவனிக்கச் சொல்வோம். ஆனால் நமக்கு ஜோடி யார்? நாளை காலை கூட வேலை பார்ப்பவரிடம் சொல்லிவையுங்கள்: "நான் ஏடாகூடமா பேசினா, தடுமாறினா, 'எனக்கு ஒண்ணுமில்ல'ன்னு சொன்னாலும் நம்பாத. இழுத்து உக்கார வை." அவருக்கு நீங்களும் அதையே செய்யுங்கள்.

பிறகு வீட்டில் ஒரு தார்ப்பாய் கேளுங்கள். "எதுக்குடா, நெல்லு எங்க இருக்கு இப்ப?" என்று அம்மா கேட்பார். "முகாமுக்கும்மா" என்று சொல்லி வாங்கி, மடித்து, தண்ணீர் கேன் பக்கத்தில் வையுங்கள். மூன்று வாரமும் அதை விரிக்க வேண்டிய அவசியமே வராமல் போகட்டும். கடைசி நாள் அப்படியே மடித்தபடி வீட்டுக்கு எடுத்துப் போனால், இந்த சம்மரில் நீங்கள் எடுத்த பெரிய ரெக்கார்டு அதுதான் மாஸ்டர்!